பற்றீஸும் மதிப்பீட்டுப் படிவமும்

அமைச்சில் முப்பது வருடம் நான் செய்த வேலை, மற்றவர்களின் திட்டங்கள் பலன் தந்தனவா என்று பார்ப்பது. பெரும்பாலும் பார்த்தது கோப்புகளைத்தான். கிணறு வெட்டியதற்குப் படம் இருக்கும், திறப்பு விழாவுக்கும் படம் இருக்கும். தண்ணீர் வந்ததா என்று எழுதத்தான் படிவத்தில் இடம் இருக்காது. வெளிநாட்டு நிதி என்றால் மதிப்பிட ஆளும் வெளிநாட்டிலிருந்தே வருவார். மூன்று நாள் ஹோட்டலில் தங்கி எங்களைப் பற்றி எங்களுக்கே சொல்லிவிட்டுப் போவார்.

நம்மைப் போன்ற நாடுகளில் சிறிய அமைப்புகள் தங்கள் வேலையைத் தாங்களே மதிப்பிடப் பழகினால் என்ன என்று ஓய்வு பெற்றபின் தோன்றியது. அதை இலவசமாகவே கற்பிப்பது என்றும் முடிவு செய்தேன். கொழும்பு வெள்ளவத்தையில், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு நடக்கும், ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டிய ஒரு டியூட்டரியில், உரிமையாளர் சனிக்கிழமை பிற்பகல் ஓர் அறையைச் சும்மா தந்தார். ஞாயிற்றுக்கிழமை அதே பாடம் ஆங்கிலத்தில், இணையவழி. நேபாளத்திலிருந்து ஒருவர் தவறாமல் வந்தார். பாதி நேரம் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் ‘மிக நன்று’ என்றே எழுதி அனுப்பினார்.

எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். வகுப்பு முடிவில் கருத்துப் படிவம் கொடுப்பேன். அது நிரம்பியதும் சுடச்சுடப் பொரித்த பற்றீஸும் தேநீரும் வரும். படிவங்களைத் திகதி வாரியாகக் கோத்து வைத்தேன்.

ஒருநாள் உரிமையாளர் படியில் மறித்தார்.

“அண்ணை, உங்கட வகுப்பால ஆருக்கும் பிரயோசனம் இருக்கோ? இருந்தா ரெண்டு கிழமைக்குள்ள காட்டுங்கோ. இல்லாட்டி அந்த நேரத்த ஓ.எல். சோதினைப் பிள்ளையளின்ர கணக்கு வகுப்புக்குக் குடுக்கப் போறன்.”

படிவங்களைக் கோத்த கோப்பை நீட்டினேன். புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

“என்ர பிள்ளையளின்ர ரிசல்ட் வந்தா நான் வாசல்ல பனர் கட்டுவன். உங்களுக்கு என்னத்தக் கட்டுறது?”

என்னிடம் முதல் தொகுதியில் படித்தவர்களில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தும் ஓர் அம்மையார். என்னைவிட இரண்டொரு வயது இளையவர். அவரிடம் பாராட்டுக் கடிதம் ஒன்று வாங்கலாம் என்று கோப்போடு போனேன். முதல் படிவத்தைப் பார்த்ததுமே சிரிக்கத் தொடங்கினார்.

“சேர், இதில பெயர் கேட்டிருக்கிறீங்கள், ஐடி நம்பர் கேட்டிருக்கிறீங்கள், கையெழுத்தும் கேட்டிருக்கிறீங்கள். பற்றீஸும் வாசல்ல நிக்குது. ஆர் உங்களப் பற்றிக் கூடாம எழுதுவினம்?”

இப்படிச் செய்யக்கூடாது என்பது என் இரண்டாம் பாடம். பாடத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, கைப்பழக்கத்தில் அமைச்சின் படிவத்தையே தட்டச்சுச் செய்திருந்தேன்.

கடிதம் தரமாட்டேன், வேண்டுமானால் வகுப்பை மதிப்பிட்டுத் தருகிறேன் என்றார். ஆனால் நான் அவரோடு போகக்கூடாது, படித்தவர்களுக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுக்கவும் கூடாது. ஒப்புக்கொண்டு, பணி விதிமுறைகளை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் பஸ் இலக்கங்களைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் கிழமை முடிவில் ஒன்றரைப் பக்க அறிக்கையோடு வந்தார். நான் மூன்று வகுப்பு எடுத்து விளக்கும் பதினொரு பெட்டிகள் கொண்ட வரைபடம் ஒருவருக்கும் நினைவில்லை. ஹெந்தளையில் ஒருவர் அதைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஈரம் பூத்த இடத்தை மறைக்க. ஆனால் வகுப்பு முடிந்தபின் படியில் நின்று அவரவர் அமைப்பின் அறிக்கையை நான் வாசித்ததையும், “அதனால் என்ன மாறியது?” என்று கேட்டு நச்சரித்ததையும் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். தெஹிவளையில் ஓர் அமைப்பு, அந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டு, புத்தகப்பை கொடுப்பதை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடத்தத் தொடங்கியிருந்தது.

கடைசி வரி: விரிவுரையை நிறுத்தலாம், அறிக்கை வாசிப்பதை நிறுத்தக்கூடாது.

விசாரித்தவர்கள் தொகை போதாது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை என்று ஆட்சேபித்தேன்.

“படிப்பிச்ச சேருக்கே மதிப்பீட்ட ஏற்க மனம் வரேல்ல எண்டு அதையும் எழுதட்டோ?” என்று கேட்டார்.

அறிக்கையை மாற்றாமல் உரிமையாளரிடம் கொடுத்தேன். இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். அறை கணக்குப் பாடத்துக்குப் போயிற்று. போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் கிடைத்தன.

இப்போது சனிக்கிழமைகளில் ஒவ்வொருவராகத் தங்கள் அறிக்கையோடு வந்து உட்காருகிறார்கள். நான் வாசிக்கிறேன், நச்சரிக்கிறேன். நேபாளத்துக்காரர் தன் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புகிறார். இது போன வருடப் பாடங்களைவிட நன்றாக விளங்குகிறது என்றும் எழுதியிருந்தார். முதன்முறையாக அவர் எழுதியதை நம்பினேன்.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனை அம்மையார் இந்த மேசையை மதிப்பிட வருகிறார். பற்றீஸ் வாங்கி வைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்.