எங்கள் டொக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை

என் மகளுக்கு மூன்று வயதிலிருந்தே இழுப்பு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு கீச்சிடும். நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஹட்டனில் ஒரு தனியார் டொக்டரிடம் கொண்டுபோவோம். "நானும் லயத்துல பொறந்தவன்தான் தங்கச்சி, பயப்படாதீங்க" என்றார் முதல் நாளே. காகித உறையில் பெயரில்லாத சின்ன வெள்ளை மாத்திரைகள். அன்று சாயந்தரமே பிள்ளை ஓடி விளையாடினாள். கைராசிக்காரர் என்று லயம் முழுக்க நானே சொன்னேன்.

பிறகு வருஷக்கணக்கில் சளி என்றாலும் அதே மாத்திரை, காய்ச்சல் என்றாலும் அதே மாத்திரை. மகளின் கன்னம் உப்பியது, வயிறு தள்ளியது. எந்நேரமும் பசி என்று அழுதாள். "புள்ள நல்லாத் தேறிட்டா" என்று பக்கத்து வீட்டு அக்கா திருஷ்டி கழித்தார். எனக்கும் பெருமைதான்.

ஒரு முறை காய்ச்சல் விடாமல் அடிக்க, நுவரெலியா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த சிங்கள டொக்டரம்மா பிள்ளையின் முகத்தையே பார்த்தார். மாத்திரையைக் காட்டச் சொன்னார். "இது ஸ்டீரொய்ட். இவ்வளவு நாள் சும்மா சும்மா குடுக்கக் கூடாது அம்மா. பிள்ளை வளராது. ஆனா ஒரேயடியா நிப்பாட்டவும் வேணாம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார், தெரிந்த தமிழில், மெதுவாக. நான் தேறிய கன்னம் என்று நினைத்து முத்தமிட்டது மருந்தின் உப்பலை.

சில நாள் வார்டில் இருந்து மகள் வீடு திரும்பியதும் நான் ஹட்டனுக்குத் தனியாகப் போனேன்.

"ஏன் சேர் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வெளங்குமா? ஒரே மருந்துல சொகமாகலைன்னா நீங்க வேற டொக்டர்கிட்ட போயிருவீங்க."

"ஒங்க புள்ளைக்கும் இதைத்தான் குடுப்பீங்களா?"

அவர் மணியை அடித்தார். அடுத்த தாய் பிள்ளையோடு உள்ளே வந்தாள். நான் தோட்டத்து ஆள் என்பதால் எனக்கு விளங்காது என்று, லயத்தில் பிறந்தவரே தீர்மானித்திருந்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது மகள் இன்ஹேலர் பம்பில் புகை மருந்து இழுக்கிறாள். இழுப்பு கட்டுக்குள் இருக்கிறது. முகம் பழையபடி ஒடுங்கிவிட்டது. வகுப்பில் இன்னும் அவள்தான் குள்ளம். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா பேரனை அதே டொக்டரிடம் கொண்டுபோனார். தடுத்துப் பார்த்தேன்.

"நீதானடி நல்லவருன்னு சொன்ன?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார்.