முங்கிய சீடர்கள் இருவர்

இரண்டு மதங்களையும் நான் கற்றது ஒரே மொட்டை மாடியில். காசு கொடுத்து அல்ல, தூக்கம் கெட்டு.

அந்த நாளில் நான் மதுரையில் ஒரு மில் ஆபீஸ் குமாஸ்தா. தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சந்தில், காப்பி கிளப்புக்கு மேலே, மொட்டை மாடியை ஒட்டி மூன்று அறைகள். நடு அறை எனக்கு. ஒரு பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், மனைவியை இழந்த கிறிஸ்தவர். மறுபக்கம், கொழும்பில் பல வருஷம் இரும்புக் கடையில் இருந்து, அங்கேயே பௌத்தராகித் திரும்பி வந்தவர். சந்தே அவரைக் கொழும்பார் என்றுதான் கூப்பிட்டது. சாயங்காலமானால் இருவரும் மாடியில் நாற்காலி போட்டுக்கொள்வார்கள். எனக்கு நாற்காலி கிடையாது, கைப்பிடிச் சுவர்தான்.

"பகைவனையும் நேசின்னாரு எங்க ஏசு" என்று வாத்தியார் ஆரம்பிப்பார்.

"பகையால பகை தீராதுன்னு புத்தரு ஐந்நூறு வருஷம் முன்னாலயே சொல்லிட்டாரு."

"மொதல்ல சொன்னவரு பெரிசா? சொன்னதுக்காகச் செத்தவரு பெரிசா?"

இதற்குக் கொழும்பார் ஒரு பதில் வைத்திருப்பார். அதற்கு வாத்தியார் ஒரு பதில். இருவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன இடம் ஒன்றே ஒன்று: நோயாளிக்குச் செய்கிற பணிவிடை தமக்கே செய்தது என்று இரண்டு குருமாரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு வரும்போது மட்டும் இருவரும் ஒருசேரத் தலையாட்டுவார்கள். எனக்குக் கொட்டாவி வரும்.

எனக்குப் பிடித்தது நீர்மேல் நடந்த கதை. அதுவும் இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஏசுவின் சீடன் ஒருவன் கடல்மேல் நடந்தான், காற்றைப் பார்த்துப் பயந்தான், முங்கினான். புத்தரைப் பார்க்கப் போன ஒருவன் ஆற்றின்மேல் நடந்தான், நடு ஆற்றில் அலையைப் பார்த்தான், அவனும் முங்கினான்.

"எங்காளு முங்கினவனுக்குக் கைய நீட்டினாரு" என்பார் வாத்தியார்.

"கை எதுக்கு? எங்காளு மறுபடி மனச நிறுத்தினான், தானா மேல வந்தான். கை கேக்குறவன் என்ன சீஷன்?"

"ரெண்டு குருவும் நீச்சல் சொல்லிக் குடுத்திருந்தா இம்புட்டு வம்பே இல்லண்ணே" என்பேன் நான். "நம்ம வைகைன்னா இன்னும் சுளுவு. நடக்குறதுக்கு விசுவாசமே வேண்டாம்."

வாத்தியார் தோற்கிறார் என்று தெரிந்தால் எழுந்துவிடுவார். "காப்பி ஆறுது. நாளைக்குப் பேசுவம் கொழும்பாரே."

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் காலரா வந்தது. அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முனிசிபாலிட்டி ஆட்கள் மருந்து கொட்டியதில் கிணற்றுத் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் கிடந்தது. கிளப்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குப் போனார். நான் கழுத்தில் கற்பூர முடிச்சு, இடுப்பில் வெங்காயம், பையில் எலுமிச்சம்பழம் என்று நடமாடினேன். பார்ப்பவர்கள் பலசரக்குக் கடை என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் காலையில் வாத்தியார் அறையில் வாளி உருளும் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரே இரவில் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. கொழும்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுகாதாரத்து ஆள் வாசலில் நின்றபடியே, "ஆஸ்பத்திரில தரையில கூட எடமில்ல. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"தம்பி, கொஞ்சம் வெறகு வாங்கியா" என்றார் கொழும்பார்.

"இந்தா வாரேன்" என்றேன்.

போனவன் விறகுக் கடையைத் தாண்டினேன். அடுத்த விறகுக் கடையையும் தாண்டினேன். மேலூரில் எனக்கு ஒரு தூரத்து மாமா உண்டு. என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பொங்கிய பாசத்துக்கு அளவே இல்லை. வடக்கு நோக்கி நடந்தேன் என்று எழுதக் கை வருகிறது. ஓடினேன் என்பதுதான் உண்மை. வைகை மணலில் இறங்கினேன். என்னைப் போலவே மூட்டையும் முடிச்சுமாகப் பாதி ஊர் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன.

நடு ஆற்றில் எதிரே ஒரு கூட்டம் மூட்டை முடிச்சுகளுடன் வந்தது.

"எங்கிட்டு ஓடுறிய?" என்றாள் அதில் ஒரு அம்மா.

"மேலூருக்கு."

"நாங்க அங்கிட்டு இருந்துதான ஓடியாறோம்! வீட்டுக்கு வீடு விழுந்து கெடக்கு. மதுரைல ஒண்ணுமில்லன்னாகளே?"

இரண்டு கூட்டமும் மணலில் நின்று ஒன்றையொன்று பார்த்தோம். பிறகு அவர்கள் எங்கள் ஊருக்குப் போனார்கள், எங்கள் கூட்டம் அவர்கள் ஊருக்குப் போனது. நான் மட்டும் நடு மணலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரே இல்லாத ஆற்றில் முங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பக்கம் போனால் தெரியாத இடத்தில் சாவு. இந்தப் பக்கம் வந்தால் என் பாயில் சாவு. பாய்க்காகத் திரும்பினேன். வேறு நல்ல காரணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. வருகிற வழியில் விறகு வாங்கினேன்.

கொழும்பார் விறகை வாங்கி மூலையில் போட்டார். "அந்தக் காலப் புடிச்சுத் தேய். நரம்பு இழுக்குது."

வாத்தியாருக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எங்கடா போன?"

"வைகைல நடந்து பாத்துட்டு வாரேண்ணே."

"முங்குனியா?"

"தண்ணியே இல்லண்ணே."

சிரிக்கப் பார்த்தார். வலி வந்து வாயை இழுத்துக்கொண்டது.

கொழும்பார் மறுபடி வாளியை எடுத்தபோது வாத்தியார் கேட்டார்: "இது எங்காளு சொன்னதுக்காகச் செய்றீகளா, உங்காளு சொன்னதுக்கா?"

"பேசாமக் கெடங்க வாத்தியாரே. வாளி தட்டிவிடப் போகுது."

கஞ்சித்தண்ணீர் உள்ளே போவதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். வெயில் சாயும்போது வாத்தியார் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவன் நான்தான். அவசரமாகத் துண்டை எடுத்து என் கையில் சுற்றினேன். கொழும்பார் என்னைப் பார்த்தார். துண்டை அவிழ்த்துவிட்டுப் பிடித்தேன். விரல்கள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கி, ஐஸாக இருந்தன. என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பிடியை மட்டும் விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால், என் கைக்குள் இருந்த கைக்கு நான் தேவைப்படவில்லை என்று தெரிந்தது.

சர்ச்சிலிருந்து சிலர் வந்தார்கள். கொழும்பாரும் கல்லறை வரைக்கும் நடந்தார். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் இருவரையும் காலரா தொடவில்லை. ஏன் என்று கேட்க ஆளில்லை.

சில நாள் கழித்து, சாயங்காலம் மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தேன். இரண்டு நாற்காலியும் பழைய இடத்தில் கிடந்தன.

"இதுல ஒக்காரு தம்பி. நீ அவரு பக்கம் பேசு."

"எனக்கென்னண்ணே தெரியும்?"

"அம்புட்டும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? பேசு."

உட்கார்ந்தேன். கைப்பிடிச் சுவரைவிட நாற்காலி உறுத்தியது.

"உங்க சீஷன் ஏன் முங்கினான்?" என்றார்.

"பயந்தான்."

"பயந்தவன விட்டுட்டாரா?"

"இல்ல. கைய நீட்டினாரு."

கொழும்பார் வழக்கமான பதிலைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாத்தியாரின் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கதையில அந்தக் கை இல்ல தம்பி" என்றார் கடைசியில். "எல்லாம் புத்தரு முன்னாலயே சொன்னதுதான்னு அவரு வாய அடைச்சேன். இது ஒண்ணு வேற. அவருகிட்ட ஒத்துக்கிட்டிருக்கணும்."

வாத்தியார் ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகு அவர் என்ன சொல்வார் என்று நான் கேட்டதே இல்லை, அவர் ஜெயித்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"காப்பி ஆறுது. நாளைக்குப் பேசுவம் கொழும்பாரே."

கீழே கிளப் இன்னும் திறக்கவில்லை. கொழும்பார் தலையாட்டினார். இருவரும் எழுந்திருக்கவில்லை.