நொமாகுகு வீட்டில் வளராத பவளம்

டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள் நொமாகுகு. அந்தரத்தில் தொங்கும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, லாரி நீளக் கண்டெய்னரைப் பூப்போல இறக்கிவைப்பாள். அப்பேர்ப்பட்டவளால், டர்பனை ஒட்டிய உம்லாசியில் தன் வீட்டுக் கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் ஒரு பவளத்தை நகத்தளவுகூட வளர்க்க முடியவில்லை.

மான்கொம்பு போலக் கிளைவிட வேண்டிய ஊதாப் பவளம். வாங்கிவந்த நாளில் எப்படி இருந்ததோ, ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தது. நிறம் வேறு மங்கிக்கொண்டு வந்தது. விளக்கை ஏற்றினாள், இறக்கினாள். அலையடிக்கும் மோட்டாரை இடம் மாற்றினாள். தண்ணீரின் கழிவை நுரையாக வெளியே தள்ளும் மிஷினை இரவும் பகலும் ஓடவிட்டாள். தண்ணீரைச் சோதித்தால் கால்சியம் சரி, காரத்தன்மை சரி. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் சேரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று வரும்போது மட்டும் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அத்தனை சுத்தம்!

"கல்லை வாங்கி வச்சுட்டு வளரலைன்னு மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிற ஒரே பொம்பளை நீதான், மாகுமாலோ" என்பான் கணவன். அவளைப் பிறந்த குலத்தின் பெயரால் அழைப்பதே அவன் வழக்கம். அவளும் அவன் குலப்பெயரான ஷெங்கேயைத்தான் சொல்வாள்.

"அது கல்லு இல்ல, ஷெங்கே. உயிரு."

"உயிருன்னா சாப்பிடணும்ல?"

அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் அவளைக் கேப் டவுனுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகைதான் தீனி என்று ஆயிரம் முறை சொல்லிவிட்டுப் போனாள். செப்டம்பர் கடைசியில் திரும்பிக் கதவைத் திறந்ததும் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டாள். தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி.

"ஷெங்கே! என்ன பண்ணி வச்சிருக்க?"

ஓரிடத்தில் பாசியைச் சுரண்டிவிட்டுப் பார்த்தாள். பவளத்தின் நுனிகளெல்லாம் வெள்ளை. செத்துவிட்டது என்றே நினைத்தாள். டார்ச் அடித்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினாள். வெளுத்தவை பழைய நுனிகள் அல்ல. அவள் போகும்போது இல்லாத, இன்னும் நிறம் ஏறாத குட்டிக் கிளைகள்! அடித்தண்டு கத்தரிப்பூ நிறத்தில் மின்னியது.

பவளம் விற்ற ஃபைசலுக்குப் போன் போட்டாள். குரல் வீடே அதிர ஒலித்தது. "வளர்ந்திருக்குடா! நெசமாவே வளர்ந்திருக்கு!"

"முதல்ல பாஸ்பேட் பாருங்க அக்கா" என்றான் ஃபைசல்.

சோதனைக் குப்பியைக் குலுக்கினாள். எப்போதும் நிறமே ஏறாத தண்ணீரில் இம்முறை மெல்லிய நீலம். அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உண்மையைச் சொல்லு."

"நான் சாப்பிடும்போதெல்லாம் அந்த மீனுங்க கண்ணாடிகிட்ட வந்து என்னையே பாக்குதுங்க. மனசு கேக்கல, போட்டேன்." ஷெங்கே தலையைச் சொறிந்தான். "அப்புறம்... அந்த நுரை தள்ற மிஷின் இருக்கே, மேட்ச் பாக்க விடாம கொரகொரன்னு. பிளக்கைப் புடுங்கினேன். திருப்பி மாட்ட மறந்துட்டேன்."

"எத்தனை நாளா?"

"நீ கிளம்பின அன்னிலேருந்தே."

போனில் ஃபைசல் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இவ்வளவு நாளா அதைப் பட்டினி போட்டிருக்கீங்க. தண்ணியில சத்தே இல்லாம துடைச்செடுத்தா அது எதைத் தின்னு வளரும்? மிஷினை மறுபடி போடுங்க, ஆனா கொஞ்ச நேரம்தான். பாசி தானா அடங்கும். இன்னும் ரெண்டு மீன் விடுங்க."

பூஜ்யம் பூஜ்யம் என்று தான் பூரித்ததெல்லாம் அதன் வெறும் வயிறு! நொமாகுகுவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. கல்யாண வீட்டில் போடுவதுபோல நீளமாக ஒரு குலவை போட்டாள். ஷெங்கேயின் இரு கைகளையும் பிடித்துச் சுற்றினாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாசிபியா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "என்னடி, மறுபடி உண்டாயிருக்கியா?"

"வளருது மாசிபியா! வந்து பாரு!"

மாசிபியா குனிந்து பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து குலவையிட்டாள்.

"எல்லாம் என் கைராசி" என்று மார்பைத் தட்டிக்கொண்டான் ஷெங்கே.

நொமாகுகு மறுக்கவில்லை. பச்சைக் கண்ணாடியைத் துடைக்கும் ஸ்பாஞ்சை மட்டும் அவன் கையில் கொடுத்தாள்.