மல்லிகா டீச்சரும் கடன் போன பி.டி. பீரியடும்

மல்லிகா டீச்சர் இறந்துபோய்விட்டார் என்று போன் வந்தபோது, பி.டி. மாஸ்டரான நான் காலி மைதானத்தில் நின்றிருந்தேன். பதினொன்றாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வழக்கம்போல் கடன் வாங்கியிருந்தார். அது திரும்பாத கடன். விருத்தாசலத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். விலங்கியல் டீச்சரான மல்லிகா மட்டும் அப்படிக் கடன் கேட்டதே இல்லை. அவர் தன் பீரியடையே எனக்குக் கொடுத்தவர்.

ஒருமுறை தசைப் பாடம் வந்தபோது மொத்த வகுப்பையும் மைதானத்துக்கு அழைத்துவந்து, முழு வேகத்தில் ஒரு சுற்று ஓடச் சொன்னார். முதலில் பறந்தவர்களுக்குப் பாதியிலேயே தொடை கனத்து எரிந்தது. "முதல் சில நொடிக்குத் தசையில இருக்குற சேமிப்பே போதும். அப்புறம் ஆக்சிஜன் பத்தாதப்ப, அது இல்லாமலே சர்க்கரையை உடைச்சிக்கும். சட்டுனு சக்தி கிடைக்கும், ஆனா கொஞ்சம்தான் கிடைக்கும்" என்றார். பாதிப் பேர் செராமிக் வேலைக்காரர்களின் பிள்ளைகள். "உங்க வூட்டுல கேளுங்க, சூளைக்குக் காத்து பத்தலன்னா புகைஞ்சிதான எரியும்?" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் சும்மா இருக்காமல், சர்க்கரை அப்படி உடையும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம் விஷம், தேய்த்து வெளியேற்ற வேண்டும் என்றேன். பிள்ளைகள் முன்னாலேயே மறுத்தார். "இல்லைங்க சார். அதை இதயமே எடுத்து எரிச்சிக்கும். பசங்கள உக்கார வைக்காம மெதுவா நடக்க வைங்க." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

அதற்குள் தலைமையாசிரியர் மாடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"என்னங்க டீச்சர், போர்ஷன் முடிக்க வேணாமா?"

"போர்ஷன்தாங்க சார் இங்க ஓடிக்கிட்டு இருக்குது."

ஆசிரியர் கூட்டம்தோறும் எழுந்து அவர் கேட்டது ஒன்றுதான்: பி.டி. பீரியடைத் தொடாதீர்கள். "ஓடாத புள்ளைக்கு இந்தப் பாடம் எப்படிங்க புரியும்?" எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரமே யாராவது வந்து பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிப்போவார்கள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்கு அவர்மேலும் எரிச்சல்தான். அத்தனை தடவை கேட்டவர், அதை வாங்கித் தந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இனி எனக்காக யார் கேட்பார்கள்?

இரங்கல் கூட்டத்துக்கு நேரம் பார்த்தார்கள். யாருடைய பாடமும் கெடக்கூடாதாம். பி.டி. பீரியடில் வைத்தார்கள். கணக்கு சார் கண்கலங்கப் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். மௌன அஞ்சலி முடிந்தபோது பீரியடில் கொஞ்சம் நேரம் மீதி இருந்தது. கணக்கு சார் சாக்பீஸைக் கையில் எடுத்தார். நான் விசிலை ஊதினேன்.