'வந்து' வராத பேச்சு

என் தங்கை மகன் கல்யாணத்தில் நன்றி சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு நிமிடம்தான். மேடையை விட்டு இறங்கியதும் எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வீடியோ கைக்குக் கிடைத்தது. தெம்பனிஸில் இருக்கும் எங்கள் வீட்டில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன்.

"எல்லாருக்கும் வந்து வணக்கம். இன்னைக்கு வந்து ரொம்ப சந்தோஷமான நாள். மாப்பிள்ள வந்து, சின்ன வயசிலேருந்தே வந்து..."

கணவர் வீடியோவை நிறுத்தினார். "யாருதான் இன்னும் வரல?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியபிறகும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை 'வந்து'வை நான் நினைத்துச் சொல்லவில்லை. சொன்னதாக ஞாபகம்கூட இல்லை. அப்படியானால் அவற்றைச் சொன்னது யார்? 'போய்' என்று யாரும் இழுப்பதில்லையே, 'வந்து' மட்டும் ஏன்? அடுத்த வாரம் முழுவதும் மற்றவர்களைக் கவனித்தேன். சரக்கு அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அதாவது' என்று தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரிக்கு 'ஸோ'. கணவருக்கு 'என்னன்னா'. அதை அவரிடம் சொன்னேன். அன்று சாப்பாட்டில் ரசத்தைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்டார்.

இந்த ஆர்வம்தான் என்னைத் தேக்கா பக்கத்தில் கூடும் ஒரு பேச்சுப் பயிற்சி மன்றத்துக்கு இழுத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சமூக மன்றத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறை, இருபது நாற்காலிகள். தலைவர் வங்கியில் வேலை செய்யும் பெண்மணி. என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு சிறிய மேசை மணியை என் கையில் கொடுத்தார்.

"உங்களுக்குத்தான் இது சரி. பேசுறவங்க நிரப்புச் சொல் சொன்னா ஒரு தட்டு தட்டுங்க."

நிரப்புச் சொல். என் வியாதிக்கு ஒரு பெயர் இருந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். அங்கே எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. சீட்டு எடுத்து அந்த நொடியே பேசினால் உடனடிப் பேச்சு. குரல் ஏறி இறங்கினால் குரல் வளம். பேச்சின் நடுவே வேண்டுமென்றே மௌனமாக நின்றால் இடைநிறுத்தம். இங்கே எல்லாரும் பேச்சோடு ஒட்டிச் சொல்லும் 'லா' நிரப்புச் சொல்லா இல்லையா என்று ஒருநாள் அரை மணி நேரம் சண்டையே நடந்தது. மொழிப் பிழை பார்ப்பவர் ஒரு தமிழாசிரியர்; "கண்டிப்பா நிரப்புச் சொல்தான்" என்றார். "இல்ல சார், 'வா'ன்னா கூப்பிடுறது. 'வா லா'ன்னா கெஞ்சுறது. அர்த்தம் மாறுதே" என்றேன். தலைவர் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவது வாரம் புதிதாக ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், ஊர் திருவாரூர்ப் பக்கம். சட்டையைத் தேய்த்து உள்ளே விட்டிருந்தார். சீட்டு எடுக்கச் சொன்னோம். 'குடை' என்று வந்தது.

"என்னிடம் ஒரு குடை இருக்கிறது," என்றார். நிறுத்தினார். அறையை ஒருமுறை பார்த்தார். "அதைச் சென்னையில் வாங்கினேன்." நிறுத்தினார். "நான் வேலை செய்யும் இடத்தில் குடை பிடிக்கக் கூடாது என்று இங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது."

என் விரல் மணிமேல் தயாராக இருந்தது. இரண்டு நிமிடம் பேசினார். நான் ஒருமுறைகூடத் தட்டவில்லை. எண்ணிக்கையைக் கேட்டபோது, "ஒன்னுமே இல்ல" என்றேன். "நல்லா கேட்டீங்களா?" என்றார் தமிழாசிரியர். ஆனால் மதிப்பீடு செய்தவருக்குத் திருப்தியில்லை. இடைநிறுத்தம் அளவுக்கு மேல், பேச்சில் ஓட்டம் இல்லை என்றார். புதியவர் அதைத் தலையாட்டிக் கேட்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் என்னால் சும்மா போக முடியவில்லை. தேக்கா உணவங்காடியில் தே தாரிக் டீ வாங்கி அவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டேன். "தம்பி, உங்களுக்கு 'வந்து' வரவே வராதா?"

"வந்துட்டுத்தான் இருந்துச்சுக்கா," என்றார். "நாந்தான் விட்டுட்டேன்."

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் தன் ஆட்களை நிறுத்திப் பாதுகாப்பு விஷயங்களைச் சொல்வது அவர் பொறுப்பு. அவர் தமிழில் ஒரு வரி சொல்வார். அதை ஒருவர் வங்காள மொழியிலும் இன்னொருவர் சீனத்திலும் சொல்வார்கள். இரண்டும் முடிந்தபிறகுதான் அடுத்த வரி.

"மொதல்ல எனக்கும் உங்கள மாதிரிதான். ஒருநாள் கிரேன் வேலை. மஞ்சக் கோட்டைக் காட்டி, 'இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து...'ன்னு இழுத்தேன். 'யாரும் போகக் கூடாது'ன்னு சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள, வங்காளியில சொல்றவரு, அவருக்குத் தமிழ் அரைகுறைதான், அந்தப் பக்கம் வாங்கன்னு சொல்லிட்டாரு. நாலு பேரு கோட்டைத் தாண்டிட்டாங்க."

"ஐயையோ!"

"கிரேன் அப்ப ஓடல. ஓடியிருந்தா..." கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "அன்னையிலேருந்து வார்த்தைய பாத்துத்தான் போடுவேன். ஒரு வரிக்கு ஒரு விஷயம். அவங்க மொழியில சொல்லும்போது நான் சும்மா நிக்காம மூஞ்சிகளப் பாப்பேன். யாருக்குப் புரியலைன்னு தெரிஞ்சிடும்."

இடைநிறுத்தம், பார்வைத் தொடர்பு என்று எங்கள் கையேட்டில் பக்கம் பக்கமாக இருந்ததை இந்த மனிதர் காலை ஏழரை மணிக்கு, தலையில் ஹெல்மெட்டோடு தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். அப்புறம் இங்கே எதற்கு வருகிறார்?

கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஊருக்குப் போன்ல பேசும்போதும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பேசுறேன்க்கா. ஒவ்வொரு வரிக்கும் என் சம்சாரம் 'ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?'ங்கிறா. பிள்ளைகிட்டகூட எனக்கு உத்தரவு போடுற மாதிரிதான் வருது. தொடர்ச்சியா பேசக் கத்துக்கணும்."

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, அவருக்கு நிறுத்தாமலிருக்கத் தெரியவில்லை. இருவரும் ஒரே அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தோம்.

அடுத்த மாதம் என் முதல் உரை. அன்று மணி அவரிடம் இருந்தது. 'வந்து' நாக்கு நுனிக்கு ஏறும்போதெல்லாம், பக்கத்தில் ஒருவர் என் வரியை வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன். எதிரே இருந்த முகங்களை முதல் தடவையாகப் பார்த்தேன். கடைசி வரிசைப் பெண்மணி நான் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கல்யாண மேடையில் இப்படி ஒரு முகமாவது என் கண்ணில் பட்டதா என்று யோசித்தேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

"நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், மேலாளர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்," என்றேன்.

டிங்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "தம்பி, அவர் உண்மையாவே வந்தாருப்பா."

அறை முழுக்கச் சிரிப்பு. அவர் இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டார். எழுதிவைக்காமல் மேடையில் நான் சொன்ன முதல் வரி அதுதான். அதற்குப் பிறகு பயம் பாதி குறைந்தது. மொத்தம் ஆறு முறைதான் மணி அடித்தது. என் அளவுக்கு அது பெரிய சாதனை.

அவருடைய முறை தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்தது. தன் மகளைப் பற்றிப் பேசினார். குழந்தை பிறந்தபோது அவர் இங்கே இருந்தார். பதினோரு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. முதல் சில வரிகளில் வழக்கம்போல நிறுத்தினார். பிறகு, தூக்க நீட்டிய கையைப் பார்த்துக் குழந்தை வீறிட்டதையும், இரண்டு நாள் அது அவர் பக்கமே திரும்பாததையும், மூன்றாம் நாள் தூங்கி எழுந்தவுடன் தவழ்ந்துபோய் அவருடைய செருப்பைக் கையில் எடுத்து ஆராய்ந்ததையும் சொல்லத் தொடங்கினார். ஒரு வரி முடிவதற்குள் அடுத்தது தொடங்கியது. எழுதிவைத்த தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. நேரம் பார்ப்பவர் ஏழாவது நிமிடத்தில் சிவப்பு அட்டையைத் தூக்கினார். பேசிக்கொண்டிருந்தவர் அதைப் பார்க்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் தலைவரே அட்டையைக் கீழே வைக்கும்படி சைகை காட்டினார்.

முடித்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "சாரி மேடம், ரொம்ப இழுத்துட்டேன்."

"பிள்ள கடைசியில கிட்ட வந்துச்சா இல்லையா, அதச் சொல்லாம முடிச்சிட்டீங்களே," என்றார் தலைவர்.

அவர் மறுபடி மேடைப் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னார். கிளம்புகிற அன்று காலையில் வந்தாளாம், அவர் மடியில் உட்கார்ந்து ஒரு முழு இட்லி சாப்பிட்டாளாம்.