டிக்கியில் இருந்த இரண்டு பெயர்கள்

எங்கள் காரின் டிக்கியில் அக்காவின் பெயரும் அதன் கீழே என் பெயரும் ஒட்டியிருந்தன. கார் வாங்கிய அன்றே அப்பா கோயமுத்தூரில் ஒரு கடையில் சொல்லி, வெள்ளை ஸ்டிக்கரில் எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தார். குன்னூரில் பாதி வண்டிகளில் பிள்ளைகளின் பெயர் இருக்கும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவின் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கும் காரில் எங்கள் பெயரை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு மானமே போகும். அக்காவுக்குப் பெருமை, அவள் பெயர்தானே மேலே இருந்தது.

போன வருஷம் அக்கா தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருடைய குடும்பம் பந்தலூர்ப் பக்கம். இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட் வேலையில் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குக் கோபப்பட அது போதுமாக இருந்தது. அவர் கத்தவில்லை, அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டில் அவள் பெயரையும் யாரும் எடுக்கக் கூடாது என்றார். அம்மா பழக்கத்தில் சொல்ல வந்து, பாதியில் விழுங்கிக்கொள்வாள்.

நான் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவோடு போனில் பேசுவேன். எடுத்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: "அப்பா ஏதாச்சும் சொன்னாரா?" இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது.

பொள்ளாச்சியில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அம்முணி, டிக்கில மேல இருக்கற பேர எடுத்துரு. அங்க நாலு பேரு பாத்துட்டு நாலு கேள்வி கேப்பாங்க."

மேலே இருக்கிற பேராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நீங்களே எடுத்துக்கங்ப்பா" என்றேன்.

அவரா விடுவார்? கேரட் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கினேன். காரின் மேல் எனக்கு அப்படி ஒன்றும் பாசம் கிடையாது. அக்காவின் பெயர் இருந்த இடத்தில் கத்திக் கீறல் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். போகத்தான் வேண்டும் என்றால் காயம் இல்லாமல் போகட்டும்.

எங்கள் ஊர்க் குளிரில் ஸ்டிக்கர் பசை கல்லாக இறுகிவிடும். அப்படியே பிய்த்தால் துண்டு துண்டாகத்தான் வரும். முதலில் சூடு காட்ட வேண்டும். அம்மா படுக்கையில் காலடியில் வைத்துக்கொள்ளும் ரப்பர் வெந்நீர்ப் பையை வாங்கி, துண்டில் சுற்றி எழுத்தின் மேல் வைத்தேன். வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற அப்பா பொறுக்காமல் வந்து பையைப் பிடித்துக்கொண்டார். எடுக்கச் சொன்னவரே, சுளுக்கிய காலுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல அக்கா பெயரின் முதல் எழுத்தை அழுத்திக்கொண்டிருந்தார். சூடு ஏறியதும் நான் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மேலே இழுக்காமல் பின்னோக்கி மடித்து மெல்ல உரித்தேன். அடுத்த எழுத்துக்குப் பை நகர்ந்தது.

எழுத்து வந்துவிட்டது, பசை வரவில்லை. அதற்கு வீட்டில் இருந்த நீலகிரித் தைலத்தையே எடுத்தேன். பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் தொட்டு, மெதுவாகத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஊறவிட்டால் பெயிண்ட்டுக்கு ஆகாது. வாசல் முழுக்க வாசனை.

"ஏனுங்க, காருக்குச் சளி புடிச்சிருச்சுங்களா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பெயர் அங்கேயே இருந்தது.

மலை வெயில் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் சும்மா விடாது. இத்தனை வருஷத்தில் காரின் சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. எழுத்துக்கு அடியில் மட்டும் கார் வாங்கிய நாளின் சிவப்பு அப்படியே இருந்தது. ஸ்டிக்கராக இருந்தபோது அழுக்கேறி மங்கிக் கிடந்த பெயரை இப்போது ரோட்டிலிருந்தே வாசிக்கலாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை. பாலிஷ் டப்பாவை எடுத்து வந்து தேய்த்தார், மூச்சு வாங்கத் தேய்த்தார். துணியில் சிவப்பு இறங்கியது. பெயர் அசையவில்லை.

"போதுங்ப்பா. இதுக்கு மேல தேச்சா பெயிண்ட்டே போயிரும்."

நிறுத்திவிட்டார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. தைலம் கண்ணைக் கரிக்கும்தான், ஆனால் தைலத்தைத் தொட்டவள் நான். ஒரு வருஷமாக அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

"உன்ற பேரையும் எடுத்துரு" என்றார்.

"நான் என்னங்ப்பா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

அம்மா பையில் புதிதாக வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். என் பெயர் சீக்கிரமே வந்துவிட்டது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மாலை வெயிலில் பார்த்தபோது இரண்டு பெயர்களும் ஒரே சிவப்பில் இருந்தன.

அப்படியேதான் பொள்ளாச்சிக்குப் போனோம். மண்டபத்து வாசலில் காரை நிறுத்தியதும் பெரியப்பாவின் மருமகன் பின்பக்கம் வந்து நின்றார்.

"ஏனுங் மாமா, ஸ்டிக்கர எடுத்தும் பேரு போகலீங்களா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ, அதுவே இறங்குவதற்குள் வந்துவிட்டது. அப்பா இறங்கி வந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து, டிக்கியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார்.

"போகாதுங் மாப்ள. என்ற புள்ளைங்க பேரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். விரலை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல இரண்டு பெயர்களையும் வாசித்தார். மூத்தவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்தது.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"அப்பா சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"உன்ற பேர."