மனுவில் நான் நுழைத்த கூலிப்படை

அந்தமானின் பெரார்கஞ்சில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவருடைய பாக்குத்தோட்டத்தை ஒட்டிய தோட்டக்காரருக்கும் எல்லைத் தகராறு. எதிராளி நான்கு ஆட்களை வைத்துப் பட்டப்பகலில் வேலி போட்டுவிட்டார். கோப்புகளோடு பணிக்காலம் முழுவதும் குடித்தனம் நடத்தியவன் என்பதால் போலீசுக்கு மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'நான்கு ஆட்கள்' என்று எழுதினால் எந்த அதிகாரி எழுந்து வருவார்? ஆங்கிலத்தில் 'மெர்சினரிகள்', அதாவது கூலிப்படையினர், என்று எழுதினேன். அதிகாரி மறுநாளே வந்தார்.

அடுத்த வாரம் அந்த நால்வரில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நிகோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்.

"நீங்கதானே சார் எழுதிக் குடுத்தது? போலீஸ் தாணாவுல கூப்பிட்டு, நீ கிராயே கா சிபாஹியாங்கிறாங்க. வாடகைச் சிப்பாயாம்! பந்தூக் எங்கே, துப்பாக்கி எங்கேன்னு கேட்டாரு. கடப்பாரைதான் சாப் இருக்குன்னேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் காவலாளி வேலைக்குத் தேர்வாகியிருந்தார். போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அந்த அறிக்கையில் என் சொல் ஏறினால் வேலை கிடைக்காது.

அகராதியைப் புரட்டினேன். இலத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்குக் கூலி என்று பொருள். கூலிக்கு உழைப்பவரைக் குறித்த சொல், பிறகு காசுக்காக அயலார் சண்டையில் இறங்கும் சிப்பாயானது. கடைசியில் காசைத் தவிர எதையும் பார்க்காதவன் என்றும் ஆனது. எந்த இடத்தில் கெட்டது என்று அகராதி சொல்லவில்லை. அவருக்குப் படித்துச் சொன்னேன்.

"கூலி வாங்குறது குத்தமா சார்? எங்கப்பாவும் கூலிதான். நீங்க மட்டும் சும்மாவா ஆபீஸ் போனீங்க?"

ஒரு மேலதிகாரியின் உத்தரவை நியாயப்படுத்திக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அடுத்து வந்தவர் அதை ரத்து செய்தபோது அதையும் நியாயப்படுத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் சம்பளம் வாங்கினேன். என்னை யாரும் சிப்பாய் என்றதில்லை.

மனுவைத் திருத்த, கையெழுத்திட்டவர்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மறுத்தார்: "அந்த வார்த்தைக்குத்தானே சார் போலீஸே வந்துச்சு!" எனவே அந்தச் சொல் என்னுடையது, அவர்கள் நாள்கூலிக்கு வேலி போட்டவர்கள் மட்டுமே என்று நானே கடிதம் எழுதி, கட்சால்காரரையும் கூட்டிக்கொண்டு தாணாவுக்குப் போனேன்.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆப் கிஸ்கே தரஃப் ஹை, சாப்?" நான் யார் பக்கம் என்று கேட்கிறார். எந்த விதியின் கீழ் பதில் சொல்வது? கடிதத்தை மனுவோடு கோத்து வைத்தார். எதை நம்பி அறிக்கை எழுதுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கட்சால்காரர் தயங்கினார்.

"ஒன்னு கேக்கணும் சார். உங்க பக்கத்து வீட்டுக்காரரு நாளைக்குக் கூப்பிட்டிருக்காரு, அதே வேலியப் பிடுங்க. போனா அறிக்கையில என்ன எழுதுவாங்க?"